கொடுப்பவர்தான் பல்லைப் பார்க்க வேண்டும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. இது வாங்குகிறவருக்குச் சொன்னது. கொடுக்கிறவர் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவர் பார்த்துக் கொடுத்துவிட்டால், வாங்குகிறவர் பார்க்க வேண்டிய அவசியமே வராது. நம் வணிகப் பெருமக்கள் பழைய மேஜை, நாற்காலி, பீரோக்களை ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் கொடுக்கும் வழக்கத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஆயுத பூஜைக்குக் கடையை ஒழிக்கிறோம். போகிக்கு வீட்டை ஒழிக்கிறோம். கடையைப் புதுப்பித்துக் கண்ணாடி ஷோகேஸ் வைக்கும்போது பழைய மர அலமாரியும் கணக்குப்பிள்ளை மேஜையும் வெளியே வருகின்றன. "ஏதாவது ஒரு இல்லத்துக்குக் கொடுத்துவிடப்பா" என்று பையனிடம் சொல்கிறோம். நல்ல எண்ணம்தான். தேக்கு மேஜையை உடைத்து விறகாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் வியாபார புத்தியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

சென்ற ஆண்டு மளிகைச் சாமான் கொடுப்பதற்காக ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். பின்பக்கத் தாழ்வாரம் முழுவதும் சாவியில்லாத பீரோக்கள், கால் ஆடும் பெஞ்சுகள், பிரம்பு கிழிந்த நாற்காலிகள். மழைக்கு ஒதுங்கி உட்காரக்கூட அங்கே இடமில்லை. "இதையெல்லாம் ஏனம்மா வாங்கினீர்கள்?" என்று நிர்வாகி அம்மாளிடம் கேட்டேன். "வேண்டாம் என்றால் கொடுப்பவர் மனம் கோணிவிடும் அண்ணாச்சி. நாளைக்கு அரிசி மூட்டை தருகிறவரும் அவராகத்தானே இருப்பார்" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. நம் சரக்கு பிடிக்கவில்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இல்லம் நடத்துகிறவரால் அப்படிப் போக முடியாது. மறுக்க முடியாதவரிடம் கொடுக்கும்போதுதான் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "இல்லாதவர்களுக்கு இதுவாவது கிடைக்கட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். நாம் உட்காரத் தயங்கும் நாற்காலியில் எழுபது வயதுக் கிழவி உட்காரலாமா? விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்தச் செலவு நாற்காலி விலையைப்போல் பல மடங்கு ஆகும்.

சாம்பிள் பார்க்காமல் பருப்பு மூட்டை எடுப்போமா? அதுபோல இதிலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதியோருக்கு வேண்டியது சுமார் 18 அங்குல உயரமுள்ள, கைப்பிடி வைத்த கெட்டியான நாற்காலி. கைப்பிடியை ஊன்றித்தான் அவர்கள் எழுந்திருப்பார்கள். தாழ்வான சோபா எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அவர்களுக்கு உதவாது. வெயிலில் கிடந்து வெளுத்த பிளாஸ்டிக் நாற்காலி திடீரென்று உடையும்; அதைக் கொடுக்கவே கூடாது. குழந்தைகள் இருக்குமிடத்துக்கு பீரோ கொடுத்தால், கவிழாதபடி சுவரோடு பிணைத்துக் கொடுக்க வேண்டும். துருப்பிடித்த விளிம்பு, நீட்டிய ஆணி, உளுத்த கால் எதுவும் இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மூட்டைப்பூச்சி. பழைய கட்டில், பிரம்பு நாற்காலி இவற்றின் பொருத்துகளில் அது ரத்தம் குடிக்காமலேயே பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். ஒரு கட்டில் உள்ளே போனால் போதும், விடுதி முழுவதும் பரவிவிடும். பொருத்துகளில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றி, நன்றாகக் காயவைத்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் அனுப்பவே வேண்டாம்.

வரிக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிச் சலுகை பொருளாகக் கொடுப்பதற்குக் கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. கடைச் சாமானை வாங்கியபோது ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் சட்டம் அதை வழங்கலாகவே கருதும். வாங்கி ஐந்து ஆண்டு ஆகாத சாமானுக்கு, எடுத்த வரவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரிடும். ஆகவே கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்தே ஒரு வழி பிறக்கிறது. நல்ல சாமானைச் செப்பனிட்டுக் கொடுப்போம். உடைந்ததைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டு, வந்த தொகையோடு கொஞ்சம் சேர்த்து, பதிவு பெற்ற இல்லத்துக்குக் காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குவோம். அவர்களுக்கு வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். குழந்தைகள் இல்லமானால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று விசாரிப்பதும் நம் கடமை.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். ஒரு பக்கம் உள்ளூர் இல்லங்களும் அரசுப் பள்ளிகளும் ஊர்ப்புற நூலகங்களும் தங்களுக்கு வேண்டியதை எழுதட்டும். மறுபக்கம் உறுப்பினர்கள் தங்களிடம் இருப்பதை எழுதட்டும். இரண்டும் பொருந்தினால் மட்டும் சாமான் நகரட்டும். ஆசாரிக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் நான்கைந்து நாற்காலியின் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் நம் வண்டிகளே கொண்டுபோய்ச் சேர்க்கும். வண்டிச் சத்தத்தையும் இறக்குக் கூலியையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவது கொடையாகாது.

நோட்டைத் திறப்பதற்கு முன் இல்லத்துக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பழகுவோம்: "உங்களுக்கு என்ன வேண்டும்?" அவர்கள் "இது வேண்டாம்" என்று சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வோம். அதன் பிறகும் அரிசி மூட்டை தவறாமல் போய்ச் சேரட்டும்.