குதிரைக்கு ஒண்ணுமில்லையாம்!

பொட்டி தட்டுறவனுக்குக் குதிரையோட கருப்பையில என்ன வேலைன்னு சிரிக்காதீங்க மக்களே. டெஸ்ட்ல 'பாஸ்'னு வந்துட்டா பிழையே இல்லைன்னு நம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பப்பட்ட ஒவ்வொருத்தனும் தெரிஞ்சுக்க வேண்டிய சமாச்சாரம் இது.

1977. இங்கிலாந்துல நியூமார்க்கெட். பந்தயக் குதிரை வளர்க்கிறவங்களுக்கு அதுதான் தலைநகரம். அந்த வருஷம் பொலிகுதிரையோட சேர்த்த பெண்குதிரைகள் சினை பிடிக்கலை. சில நாள்லயே சாம்பல் நிறத்துல சளி மாதிரி ஒழுக ஆரம்பிச்சது, சீக்கிரமே திரும்பப் பருவத்துக்கு வந்துச்சு. வழக்கமான முறையில கிருமியை வளர்த்துப் பார்த்தா ஒண்ணும் வளரலை. கார்பன் டை ஆக்சைடு கூடுதலா இருக்கற சூழல்ல, சூடாக்கின ரத்தம் கலந்த ஊடகத்துல வளர்த்தப்புறம்தான் ஆசாமி சிக்கினாரு. இன்னிக்கு அவர் பேரு டெய்லரெல்லா ஈக்விஜெனிட்டாலிஸ். நோயோட பேரு கன்டேஜியஸ் ஈக்வைன் மெட்ரைட்டிஸ், சுருக்கமா சி.இ.எம்.

இதுல கொடுமை என்னன்னா, பொலிகுதிரைக்கு ஒரு அறிகுறியும் கிடையாது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை, ஜம்முனு நிக்கும். கிருமி அதோட உறுப்பு மடிப்புகள்ல, அழுக்கோட அழுக்கா மாசக்கணக்கா, வருஷக்கணக்கா குடியிருக்கும். தரோபிரெட் குதிரைகளுக்கு நேரடிச் சேர்க்கை மட்டும்தான் அனுமதி. பேர்போன பொலிகுதிரை ஒண்ணு ஒரே பருவத்துல நூறு பெண்குதிரைகளுக்கு மேல சேரும். கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

சரி, ரத்தப் பரிசோதனை பண்ணிடலாமேன்னா, அதுவும் பொலிகுதிரைகிட்ட பலிக்காது. கிருமி வெளிப்பக்கமே தங்கிடறதால ரத்தத்துல எதிர்ப்புப்பொருள் உருவாகறதில்லை. மடிப்பு மடிப்பா பஞ்சுக்குச்சியில துடைச்சு எடுத்து, கரித்தூள் கலந்த ஊடகத்துல வெச்சு, குளிர்ச்சியா 48 மணி நேரத்துக்குள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுபோகணும். அப்புறம் குறைந்தது 7 நாள் வளர்த்துப் பார்க்கணும். வழியில கிருமி செத்துப்போனாலோ, அண்மையில ஆன்டிபயாடிக் போட்டிருந்தாலோ, பக்கத்துல இருக்கற வேற கிருமிகள் முந்திக்கிட்டு வளர்ந்துட்டாலோ முடிவு 'நெகட்டிவ்'. 'கண்ணுல படலை'ங்கறதுக்கும் 'இல்லை'ங்கறதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க!

இன்னொரு கூத்து. முதல்ல கண்டுபிடிச்ச ரகம் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அசையாது. அதனால மத்த கிருமிகளை அடக்க ஊடகத்துல அந்த மருந்தையே கலந்தாங்க. பின்னாடி பார்த்தா, அந்த மருந்துக்குச் சாகற ரகமும் இருக்கு! அதாவது, தேடுற கிருமியைத் தேடுற கருவியே கொன்னுட்டு 'இல்லை'ன்னு சொல்லியிருக்கும். நாம எழுதற டெஸ்ட் கேஸ்ல இந்தத் தப்பைப் பண்ணாதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க.

இதுக்கெல்லாம் மாற்றா அமெரிக்கால ஒரு வழி. நோய் உள்ள நாடுகள்ல இருந்து வர்ற பொலிகுதிரையை ரெண்டு பெண்குதிரைகளோட சேர்த்துவிட்டு, அதுங்களுக்கு நோய் வருதான்னு பார்ப்பாங்க. அவனைப் பரிசோதிக்கற கருவி, அவள்! அவ ரத்தத்துலதான் எதிர்ப்புப்பொருள் தெரியும். அறிவியல்படி சரிதான், ஆனா படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்ம ஊர்லயும் குழந்தை இல்லைன்னா முதல்ல யாரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறோம்? அதைத் தனிப் பதிவா எழுதணும்.

என் கருத்து இதுதான். நோய் தெரிஞ்சப்புறம் தேடாதீங்க, பருவம் தொடங்கறதுக்கு முன்னாடியே தேடுங்க. அதுவும் 'ஒண்ணுமில்லாத' பொலிகுதிரைகிட்ட முதல்ல தேடுங்க. பிரிட்டிஷ் வளர்ப்பாளர்களோட நடைமுறைக் கையேடு அப்படித்தான் சொல்லுது: ஜனவரி 1க்கு அப்புறம், குறைந்தது 7 நாள் இடைவெளியில ரெண்டு தடவை மாதிரி எடுக்கணும். வருஷா வருஷம். செலவுதான், சலிப்புதான். ஆனா தேடாம இருந்ததுக்கு அமெரிக்கா கொடுத்த விலையைப் பாருங்க. 2008 டிசம்பர்ல கென்டக்கியில ஒரு குவார்ட்டர் ஹார்ஸ் பொலிகுதிரையோட விந்தை ஏற்றுமதி பண்ண வழக்கமான சோதனை செஞ்சாங்க, மாட்டிக்கிச்சு. தொட்டுத் தொட்டு விசாரிச்சதுல நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல நூத்துக்கணக்கான குதிரைகளைச் சோதிக்க வேண்டியதாச்சு. இருபதுக்கும் மேற்பட்ட பொலிகுதிரைகள்ல கிருமி இருந்துச்சு. இத்தனைக்கும் செயற்கைக் கருவூட்டல்தானே, பாதுகாப்புன்னு நினைச்சிருந்தாங்க. சரியாச் சுத்தம் பண்ணாத கருவிகளும் கைகளும் கிருமியைக் கடத்திடுச்சு. ஏற்றுமதி இல்லைன்னா அந்தச் சோதனையே நடந்திருக்காது!

இப்ப பி.சி.ஆர். சோதனை வந்தாச்சு. கிருமி உயிரோட இருக்கணும்னு கூட அவசியமில்லை, முடிவும் சீக்கிரம் வருது. ஜப்பான் இதை வெச்சே தன் தரோபிரெட் குதிரைகள்ல இருந்து நோயைத் துரத்திடுச்சு. கண்டுபிடிச்சுட்டா வைத்தியம் பெரிய பிரம்ம வித்தை இல்லை. கிருமிநாசினி போட்டு அஞ்சு நாள் நல்லாக் கழுவி, மருந்து தடவணும். அப்புறம் திரும்பச் சோதனை. ஆமா, திரும்பவும்!

'ஒண்ணுமில்லை'ங்கறது சான்றிதழ் இல்லை மக்களே. அது இன்னிக்குத் தேதி போட்ட ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவர் கிடையாது. விஷயம் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா கும்மலாம். ஆணி காத்திருக்கு, வர்ட்டா?