உடம்பு வாகாம்!

என் நாவல் ஒன்றின் அட்டைப் பளபளப்பை மெச்சாத நண்பர் இல்லை. அது ஏறியது ஓசூர்ப் பக்கத்து அச்சகமொன்றில். பார்க்கப் போன இடத்தில், இயந்திரத்தருகே நின்ற இளைஞனின் விரல்களையும் பார்த்துவிட்டேன். தோல் வெடித்து, நீர் கசிந்து, நகத்தைச் சுற்றிப் புண்.

"அவன் உடம்பு வாகு அப்படி சார். மத்தவங்க நல்லாத்தானே இருக்காங்க?" என்றார் மேலாளர்.

கெட்டிக்காரப் பேச்சு! பலர் நடுவே சிலரை மட்டும் பிடிப்பதுதானே ஒவ்வாமையின் குணம்? மற்றவர் நலம் மைக்கு நற்சான்று ஆகுமா? புற ஊதா விளக்கில் நொடியில் உலரும் மையிலும் வார்னிஷிலும் அக்ரிலேட் உண்டு. உலருமுன் அது தோலில் பட்டுப் பட்டு, உடம்பு ஒருமுறை அதைப் பகையென்று குறித்துக்கொண்டால் பிறகு துளி போதும். அந்தப் பகை பெரும்பாலும் ஆயுளுக்கும் தீராது. அவனுக்குக் கொடுத்திருந்த மெல்லிய ரப்பர் உறையையோ அது சீக்கிரமே ஊடுருவிவிடும்.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. சந்தேகப்பட்ட பொருளைச் சிறிதளவு வாஸலினில் குழைத்து முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள். யாடாசோன் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1895இலேயே காட்டிய வழி.

இவனோ அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் வரை போய்க் களிம்பு வாங்கி வந்திருக்கிறான். சீட்டில் 'எக்ஸிமா' என்று ஒரே சொல். "என்ன வேலைன்னு யாருமே கேக்கல சார்" என்றான்.

ரசாயனத்தால் வரும் தோலழற்சி, அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய். பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தது. 2020ஆம் வருஷத் தொகுப்பிலும் இருக்கிறது. அறிவிப்புப் படிவம் ஒன்றையாவது நிரப்பியதுண்டா என்று மேலாளரைக் கேட்டேன்.

டீ வரவழைத்தார்.