ஏடு தொடக்கம் யார் வீட்டுப் பிள்ளைக்கு?



அகதிப் பிள்ளைகளோட படிப்புக்கு நம்ம ஆலயம் ஏதாவது செய்யலாமேன்னு பேச்சு எடுத்தா, உடனே வர்ற பதில் ஒன்றுதான்: “நம்ம பிள்ளைங்களுக்கே ஆயிரம் பிரச்சினை, இதுல அவங்க வேறயா?” அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

2019 மார்ச் மாதத்தைப் பாசிர் கூடாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதால் 111 பள்ளிகளை மூடினாங்க. சில வாரம்தான். அதுக்கே பிள்ளைங்க படிப்பு என்னாகுமோன்னு பதறினோம். அகதிப் பிள்ளைக்கு அந்தக் கதவு வருஷம் முழுக்க மூடித்தான் கிடக்கு. ஐ.நா. அகதி அட்டை கையில இருந்தாலும் அரசாங்கப் பள்ளியில் இடம் இல்லை. சமூக மையங்கள் நடத்துற வகுப்புதான் ஒரே வழி. அதுவும் கிடைக்காத பிள்ளை பத்து, பன்னிரண்டு வயசுலேயே வேலைக்குப் போகுது.

“மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடல, நாம என்ன பண்றது?” என்கிறார்கள். இந்தியாவும்தான் போடவில்லை! ஆனாலும் 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார்கள். 1984-ல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்பு நடத்தியது. முகாமில் வளர்ந்த பிள்ளைகள் பட்டதாரி ஆனார்கள். ஆக, கையெழுத்து இல்லைங்கிறது சாக்கு. மனசு இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

“நம்ம பிள்ளைங்க” என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளி வாசலில் திரும்பிப் போன தமிழ்ப் பிள்ளைகள் இந்த நாட்டில் உண்டு. சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய தாத்தா பாட்டியும் உண்டு. காகிதம் இல்லாதவன் படுற பாடு நமக்குப் புதுசா? இன்றைக்கு மலேசியாவில் அகதி அட்டையோடு இருப்பவர்களில் இலங்கைத் தமிழர்களும் இருக்காங்க. அவங்க பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை?

இன்னொரு பயமும் சிலருக்கு உண்டு. அகதிகளில் பெரும்பகுதி மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அதில் ரோஹிங்யாக்கள் முஸ்லிம்கள், ஆலயத்துக்கு எதுக்கு வம்பு என்று. யாரையும் சன்னதிக்குக் கூப்பிடச் சொல்லவில்லை. சமயம் போதிக்கவும் வேண்டாம். அவங்க சமூகம் நடத்துற வகுப்புக்கு நோட்டு, பென்சில், ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். அன்னதானத்தில் இலை போடும்போது யார், எந்த ஊர்னு கேட்டா போடுறோம்? எழுத்துக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்?

அன்னதானத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. திருவிழா உபயப் பட்டியலில் ‘கல்வி உபயம்’னு ஒரு வரி சேருங்க. ஒரு நாள் பூ அலங்காரத்துக்கு ஆகிற செலவில் எத்தனை பிள்ளைக்கு நோட்டு வாங்கலாம்னு கணக்குப் போடுங்க. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்! வாரத்தில் இரண்டு மணி நேரம் தாங்க.

விஜயதசமி அன்று நம்ம பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுத வைக்கிறோம். கலைமகளிடம் எந்தப் பிள்ளையும் அடையாள அட்டை காட்ட வேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். கூட நிற்பவர்கள் கீழே பெயரைப் போடுங்க.