கட்டம் போட்ட துணியும் கூட்டம் பார்க்கும் சாதியும்

போன மாதம் நம் வட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. மற்றவர்களுக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை, எழுதுகிறேன்.

நம் தோழமையில் ஒரு தம்பதி. அவன் கவுண்டர் வீட்டுப் பையன், அவள் அருந்ததியர். திருப்பூரில் இரண்டு பேருக்கும் பனியன் கம்பெனி வேலை. மகளுக்கு மூன்று வயது. மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். எந்தக் கோயிலில், யார் மடியில், பத்திரிகையில் எந்தக் குலதெய்வத்தின் பெயர், பிள்ளைக்கு யார் வீட்டுத் துணி? கலியாணத்தின்போது எட்டிப் பார்க்காத பையன் வீட்டிலிருந்து இப்போது ஆள் வந்திருக்கிறது. "புள்ளய மட்டும் நம்ம கோயலுக்குக் கூட்டியாங்க. மாமன் மடிக்கு நம்ம சனத்துல ஒருத்தர உக்கார வெச்சுக்கலாம். வெளிய தெரிய வேண்டாம்." இதுதான் தூது.

கரூரில் ஏற்றுமதித் துணி கம்பெனியில் டிசைன் பார்க்கிற தோழர் இதற்கு ஒரு யோசனை சொன்னார். ஸ்காட்லாந்தில் ஆண்கள் பாவாடை மாதிரி உடுத்துகிற கம்பளித் துணி உண்டு, கில்ட் என்பார்கள். அதில் போடுகிற கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். குலத்துக்கு ஒரு கட்டம். அப்பன் ஒரு குலம், அம்மா ஒரு குலம், பாட்டி வெளியூர்க்காரி என்றால் அதில் எதை வேண்டுமானாலும் உடுத்தலாம். ஒன்றும் மனசுக்குப் படவில்லையா, புதிதாக ஒரு கட்டம் போட்டு அரசாங்கப் பதிவேட்டில் பதிந்துகொள்ளலாம். 2009 முதல் அதற்கென்று பதிவேடே இருக்கிறது. "அந்தப் பக்குவம் நமக்கும் வரணும் தோழர். எது தோதோ அதை எடுத்துக்கட்டும். இதுல கொள்கை என்ன இருக்குது?" என்று முடித்தார்.

பக்குவமாம்! அந்தத் துணியின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1746இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் மலைநாட்டு உடையை ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் உடுத்தக்கூடாது என்று சட்டம் போட்டது. முதல் தடவை உடுத்தினால் ஆறு மாதச் சிறை, மறு தடவை ஏழு ஆண்டு நாடுகடத்தல். படையில் சேர்ந்தால் மட்டும் உடுத்தலாம். தோற்றவன் துணியைப் பிடுங்கிக்கொண்டு, தனக்காகச் சண்டை போடுகிறவனுக்கு மட்டும் திருப்பிக் கொடுப்பது எந்த ஊர் ஆண்டைக்கும் தெரிந்த வித்தைதான். 1782இல் தடை போயிற்று. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1815இல் லண்டனிலிருந்த மலைநாட்டார் சங்கம் "உங்கள் குலத்துக் கட்டம் எது?" என்று தலைவர்களுக்கு எழுதிக் கேட்டபோது பலருக்குத் தங்கள் கட்டம் தெரியவில்லை. பானக்பர்னில் வில்சன் என்கிற நெசவு வியாபாரிகள் எண் போட்டு விற்றுவந்த கட்டங்களுக்குக் குலப்பெயர்கள் வந்து ஒட்டிக்கொண்டன. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது வால்டர் ஸ்காட் ஊரையே கட்டத் துணியில் நிறுத்திக் காட்டினார். அதே காலத்தில்தான் சதர்லாந்தில் ஆட்டுப்பட்டி போடுவதற்காகக் குடியானவர்களின் வீடுகளைப் பிரித்து, தீ வைத்து விரட்டினார்கள். குலப்பெருமை தலைவனின் இடுப்பில், குலம் தெருவில்.

ஆக அவன் இன்று ஆற அமர உட்கார்ந்து கட்டம் தேர்ந்தெடுக்க முடிகிறதென்றால், அந்தக் கட்டம் இப்போது ஒருத்தனையும் கொல்லுவதில்லை என்பதால்தான். அது செத்துப்போன அதிகாரத்தின் துணி. அம்மாவின் கட்டத்தை உடுத்தியதற்காக ரயில் தண்டவாளத்தில் அவன் பிணமாகக் கிடக்க வேண்டியதில்லை.

நம் கொங்குச் சீமைக்கு வாருங்கள். இங்கேயும் குலம் உண்டு, "கூட்டம்" என்பார்கள். அந்துவன், காடை, தூரன், பயிரன், கண்ணன் என்று நீளும். கூட்டத்துக்கு ஒரு குலதெய்வம், காணி, கோயில், தலைக்கட்டு வரி. முன்பு கலியாணப் பேச்சில் மட்டும் வந்த கூட்டப் பெயர் இப்போது கார்க் கண்ணாடியில் ஸ்டிக்கராக வருகிறது. வரட்டும். கேள்வி வேறு: நம் தோழர் தம் மகள் பெயரில் அந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கப் போனால் வாங்குவார்களா? தாய் யாரென்று சொல்லிவிட்டுக் கொடுத்தால் வாங்குவார்களா? தாயை மறைத்தால் வாங்குவோம் என்பதுதான் வந்திருக்கிற தூது. இதற்குப் பெயர் தேர்வா?

எங்கோ பரம்பரையில் வேற்று ஆள் கலந்திருக்கலாம் என்று திருச்செங்கோட்டை வைத்து ஒரு நாவல் சொன்னதற்கே பெருமாள்முருகனை 2015 ஜனவரியில் "எழுத்தாளன் செத்துவிட்டான்" என்று அறிவிக்க வைத்தார்கள். கதையில் வந்த கலப்பையே தாங்கமாட்டாத ஊர். அதே ஆண்டு ஜூனில் அதே திருச்செங்கோட்டு மலையில், பாதி ஆண் பாதி பெண்ணாகச் சாமி நிற்கிற கோயிலில், கவுண்டர் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த குற்றத்துக்காக தலித் இளைஞர் கோகுல்ராஜைக் கடத்திப்போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தார். 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில், புதுத் துணி எடுத்துக்கொண்டு மனைவி கௌசல்யாவோடு திரும்பிய சங்கரைப் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டினார்கள். துணி எடுக்கப் போனவர்! தோதானதை எடுத்துக்கொள்ளச் சொல்கிற தோழர் அந்தத் துணிப்பையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும்.

துணி என்றாலே நமக்கு நினைவு வருவது தேர்வு அல்ல, தடை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டதை ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே ஆண்கள் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலே மறைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. கொங்கில் இதை யாரும் எழுத்தில் போடவில்லை, போடத் தேவையும் இருக்கவில்லை. ஊருக்கே செருப்புத் தைத்துக் கொடுத்தவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு கவுண்டர் தெருவைக் கடந்தார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது. பேரன் வயசுப் பொடியன் "டேய்" என்றான், தாத்தா "சாமி" என்றார். இது ரொம்பப் பழைய சங்கதி இல்லை.

இன்னொரு தரப்பையும் சொல்லிவிடுகிறேன். "ரெண்டும் வேண்டாம், சாதியற்றவர் என்று போடுங்கள்" என்றார் ஒரு நண்பர். 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா அப்படிச் சான்றிதழ் வாங்கினார். அந்தப் போராட்டத்தை நான் கேலி பேசவில்லை. ஆனால் நம் நண்பர் அதைச் சொன்ன வேகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. 'அருந்ததியர்' என்கிற சொல்லை நாக்கில் வைக்காமல் தப்பித்த நிம்மதி. சாதியைத் துறக்க வேண்டியவன் அதனால் கொழுத்தவன். சக்கிலிச்சி மகள் என்று கேட்டு வளர்ந்தவள் எதைத் துறக்க? நீதிமன்றத்துக்கே இது புரிந்திருக்கிறது. அப்பன் மேல்சாதி, தாய் பழங்குடி என்கிற குஜராத் வழக்கொன்றில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பிள்ளைக்குத் தானாக அப்பன் சாதிதான் என்று முடிவு கட்டக்கூடாது, தாயின் சமூகத்தில் வளர்ந்ததா, அந்தச் சமூகத்தின் இழிவையும் இல்லாமையையும் அதுவும் பட்டதா என்று பார்க்க வேண்டும்.

இதில் எனக்குக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. அது அந்தத் தாய் சொன்னது. "நாம் பட்டது போதுமுங்ணா. என்ற புள்ளையாவது கவுண்டச்சியாட்ட இருந்துட்டுப் போகட்டும். நாம் மண்டபத்துக்கு வெளிய நின்னுக்கறனுங்." கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அவளுக்குக் கொள்கை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கவிதை எழுதுகிறவன். அவளுடைய பயம் சரியான பயம். ஆனால் தங்கச்சி, அந்தத் துணி உன் மகளைக் காப்பாற்றாது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேட்பாள், "உன்ற அம்மாவுக்கு எந்த ஊரு? மாமன் என்ன பண்றாரு?" அன்றைக்கு அந்தப் பிள்ளை பொய் சொல்லக் கற்கும். ஒவ்வொரு சீரிலும், கடைசியில் தன் கலியாணத்திலும், உன்னை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அது உள்ளே போக முடியும்.

தாயை மாற்றிவைக்கிற இந்த வேலை புதிதல்ல. மதுரை வீரனையே பாருங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்து, பொம்மியைத் தூக்கிப்போய்க் கட்டி, மாறுகால் மாறுகை வாங்கிச் செத்தவன். அவன் வீரத்தைத் தாங்கமுடியாமல் காசிராஜன் பெற்றுக் காட்டில் விட்ட பிள்ளை என்று கதை கட்டினார்கள். வளர்த்தவள் வளர்ப்புத்தாயாகவே நின்றுபோனாள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் ராஜா வீட்டுப் பிள்ளையாகத்தான் காட்டியது. இப்போது மூன்று வயசுப் பிள்ளைக்கு வாடகை மாமன் தேடுகிறவர்கள் அந்தக் கதாசிரியர்களின் வாரிசுகள்.

கவுண்டர் வழக்கப்படியே கேட்கிறேன். காதுகுத்தில் பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடி. உடுத்துவது தாய்மாமன் சீராகக் கொண்டுவருகிற துணி. அப்பன் கூட்டம் எதுவானாலும் அன்றைக்குப் பிள்ளையின் உடம்பில் இருப்பது தாய் வீட்டுத் துணிதான். இதை மாற்ற எந்தப் பெரியதனக்காரருக்கும் பாத்தியதை கிடையாது. கலப்புப் பிள்ளைக்கு எந்தத் துணி என்கிற கேள்விக்கு அவர்கள் வழக்கமே பதில் சொல்லி வைத்திருக்கிறது. மாமன் நம் ஆள் என்றதும் வழக்கத்தை மாற்றுகிறார்கள். அவர்களுடைய மரபுப் பற்று அவ்வளவுதான்.

நம் தோழர், அந்தப் பிள்ளையின் அப்பன், வந்த ஆளிடம் முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். சொல்லும்போது குரல் நடுங்கியதாம். நடுங்கட்டும். அந்தத் தாய் இன்னும் அரை மனசாகத்தான் இருக்கிறாள். அவளோடு பேச வேண்டியது நம் பெண் தோழர்கள். நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. காதுகுத்து காலனி மதுரை வீரன் கோயிலில், தை மாதம். மாமன் துப்புரவுப் பணியாளர், ஒரு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஈரோட்டுச் சந்தைக்குப் போய்த் துணியும் எடுத்து வந்துவிட்டார். பத்திரிகையில் முதலில் அவர் பெயர், அடுத்து அவ்வா பெயர். பையன் வீட்டாருக்கும் ஒன்று போகிறது. வந்தால் பந்தியில் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடலாம். கரூர்த் தோழரும் தவறாமல் வரவேண்டும்.