ரிமைண்டர் வந்துச்சு... வைவா போயிடுச்சு!

போன செமஸ்டர்ல நான் வாங்கின மெகா பல்பைக் கேளுங்க!

மதியம் 1.30. 'இன்னும் அரை மணியில் லேப் வைவா' என்று போன் கூவியது. ரெக்கார்டைத் தூக்கிக்கிட்டு ஓடினா, லேப் பூட்டிக் கிடக்கு. வைவா காலை 9 மணிக்கே ஆரம்பிச்சு முடிஞ்சாச்சு! முந்தின ராத்திரியே கிளாஸ் ரெப் காலண்டர்ல நேரத்தை மாத்தியிருக்கா. ரூமுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தா சமர்த்தா '9 மணி'னு காட்டுது. போன்ல மட்டும் '2 மணி'.

குற்றவாளி? சாட்சாத் நான்தான். ஹாஸ்டல்ல பிளக் பாயின்ட்டுக்கு க்யூ (அது தனி சோகம்!). அதனால என் போன் எப்பவும் பேட்டரி சேவர்லதான் இருக்கும். அது ஆன்ல இருந்தா, ஆண்ட்ராய்டில் பல ஆப்ஸ் நீங்க திறக்கிற வரைக்கும் புதுத் தகவலை எடுக்காது. பழைய நேரத்துக்கே மணியடிக்கும்.

லிங்க் கொடுத்துச் சேர்த்த காலண்டர்னா இன்னும் நிதானம். மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம்னு கூகுளே உதவிக் குறிப்பில் சொல்லுது. ராத்திரி 10-க்கு மாத்தினது காலை 10-க்குக்கூட வரலாம்! அதனால, உங்க மெயில் ஐடிக்கே காலண்டரை ஷேர் பண்ணச் சொல்லுங்க. ஐபோன் பார்ட்டிகளே, செட்டிங்ஸ்ல 'ஃபெட்ச்' என்பது 'மேனுவல்'ல இருக்கானு பாருங்க. இருந்தா, 15 நிமிஷத்துக்கு மாத்திடுங்க. எக்ஸாம் சமயத்துல, தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு ரெஃப்ரெஷ்!

கெஞ்சிக் கூத்தாடி மறு வைவா வாங்கினேன். மேடத்தோட முதல் கேள்வியே, "அன்னிக்கு ஏன் வரல?" பேட்டரி சேவர் கதையைச் சொன்னேன்.

நம்பல!