ஸ்டியரிங் நம் கையில், ஆர்.சி. புக் யார் பெயரில்?

சித்தி மகன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டான்: "அக்கா, ஹெவி லைசென்ஸ் எடுத்துடட்டா? நார்த் லைன் ஓட்டினா நல்ல காசாம்." வயது 23. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூன்று ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. திருமுல்லைவாயிலில் சி.டி.எச். சாலையில் இரவெல்லாம் ஓடும் டிரெய்லர்களைப் பார்த்து வளர்ந்தவன். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவளிடம் விடை இருக்கும் என்று நினைக்கிறான். என்னிடம் இருப்பது அப்பாவின் வாழ்க்கைதான்.

அப்பா 26 ஆண்டுகள் லாரி ஓட்டினார். ஊரில் சின்னப் பையன்கூட அவரை ஒருமையில்தான் கூப்பிடுவான். நாக்பூர் தாண்டிய தாபாவில் அவர் 'மதராஸ் டிரைவர்', அவ்வளவுதான். கயிற்றுக் கட்டிலில் யார் பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டார். எந்தத் தெரு என்று கேட்க அங்கே ஆளில்லை. இந்த விடுதலையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அது சாலையோடு முடிந்துபோனது. அப்பாவோடு கிளீனராக ஏறிய இன்னொருவர் பத்தே ஆண்டில் மூன்று லாரிக்கு உரிமையாளர். அவர் அப்பாவைவிடக் கூடுதலாகக் கண்விழிக்கவில்லை. அடமானம் வைக்க அவர் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. ஜாமீன் கையெழுத்துப் போட மாமன் மச்சான் இருந்தார்கள். லோடு கொடுக்க புக்கிங் ஆபீசில் உறவினர் இருந்தார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரித் தொழிலில் வளர்ந்ததை 'டிரைவர் முதலாளியான கதை' என்று புகழ்கிறார்கள். எந்த டிரைவர் என்று சொல்வதில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். ஒரே கேபினில் உட்கார்ந்த இருவருக்கும் அது பொருந்தியது.

நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், நெடுந்தூரம் என்றால் அனுமதியோடு அதிகபட்சம் பத்து என்று வரையறுத்தது 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். அப்படி ஒன்று இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. படி, நடைக்குத்தான். லோடு இறக்க இரண்டு நாள் காத்துக் கிடந்தால் ஒன்றுமில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். தேவையானதுதான். ஆனால் கேபின் குளிர்ந்தால் கூலி உயர்ந்துவிடாது.

தம்பியிடம் சொன்னேன்: லைசென்ஸ் எடு, அது உன்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாத சொத்து. ஆனால் வண்டியில் ஏறும்முன் மூன்று கேள்வி கேள். நியமனக் கடிதமும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.யும் உண்டா? காத்திருக்கும் நாளுக்குக் கூலி உண்டா? சில ஆண்டுகளில் உன் பெயரில் ஒரு ஆர்.சி. புக் வர வழி இருக்கிறதா?

முதல் இரண்டையும் சங்கம் சேர்ந்து போராடிப் பெறலாம். மூன்றாவது அரசின் பொறுப்பு. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் இருக்கிறது. வரவேற்போம். மீதிக்கு வங்கிக் கடன்தான். அங்கே பிணை என்ன என்று கேட்டால் நிலமில்லாத குடும்பம் எதைக் காட்டும்? அரசே பிணை நிற்க வேண்டும். ஒன்றிய அரசின் பொதுக் கொள்முதலில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களுக்கு 4 விழுக்காடு என்ற விதி 2012 முதல் இருக்கிறது. நெல்லும் மதுவும் ஏற்றும் மாநில அரசின் லாரி ஒப்பந்தங்களிலும் நமக்குரிய பங்கைக் கேட்போம். லோடு கிடைக்கும் உறுதி இல்லாமல் லாரி வாங்கச் சொல்வது, கடனில் தள்ளுவதுதான்.

தம்பி ஓட்டுநர் பள்ளியில் பணம் கட்டிவிட்டான். அப்பா அவனைக் கூப்பிட்டு, முதலில் டயர் மாற்றக் கற்றுக்கொள் என்றார். இருபத்தாறு ஆண்டுகளில் எண்ணற்ற டயர்களை மாற்றியவர் அவர். அதில் ஒன்றுகூட அவருடையதில்லை.