கல் சொல்லாததைக் கணிப்பொறி சொல்லலாமா?

பாகூர் மூலநாதர் கோயிற் சுவர்களில் சோழர்காலத் தமிழ் நிற்கின்றது. பாகூர் குப்புசாமி தொகுத்த புதுச்சேரிக் கல்வெட்டுகள் 2006இல் நூலாயின. படிக்கவியலா இடங்களைக் கல்வெட்டறிஞர் புள்ளியிட்டு விடுவர், அஃதே நேர்மை.

தேய்ந்த எழுத்தின் ஒளிப்படத்தினின்று தேயாவுருவை மீட்பது தலைகீழ்க் கணக்கு. விளைவு கையிலுண்டு, முதல் தொலைந்தது. பாதி சிதைந்த ஓரெழுத்து பகரமும் ஆகலாம், யகரமும் ஆகலாம்.

2020க்குப்பின் வலுப்பெற்ற விரவல்முறைக் கணிப்பொறி, படங்களில் இரைச்சலைத் தூவிக் கெடுத்து, அதனைப் படிப்படியாக நீக்கப் பழகியது. மீட்கையில், கண்ட படத்தோடு ஒவ்வொரு படியிலும் ஒத்துப்பார்த்து வரையும். சான்று குன்றுமிடத்திலோ, புள்ளியிடாது. தான் கற்றதைக்கொண்டு நிரப்பும். கற்றவை அயலெழுத்துகளாயின், நம் கல்லில் எழுவதும் அயலுருவே! தமிழே கற்றிருப்பினும், தெளிந்த வரியெல்லாம் உண்மை வரியாகா. ஊர்ப்பெயரில் ஓரெழுத்துப் பிறழின் வரலாறே பிறழும்.

ஆகலின், கருவியை வெறுக்க வேண்டா, கட்டுக்குள் வைப்போம். மூல ஒளிப்படமும் மைப்படியும் உடன்வைக்கப்பெறல் வேண்டும். ஒன்றன்று, பல மீட்புகளை எடுத்து ஒப்பிடல் வேண்டும். அவை முரணுமிடம் ஐயமெனக் குறிக்கப்பெறல் வேண்டும். கணிப்பொறி நிரப்பிய எழுத்து வேறுபடக் காட்டப்பெறல் வேண்டும்.

பாகூர், வில்லியனூர் இளைஞர்களே! எஞ்சிய எழுத்துகளை இன்றே படமெடுங்கள். தீர்ப்புக் கல்லுக்கே உரியது. கணிப்பொறி சான்றாளன் அன்று!